தமிழ் எழுத்தைத் தேடி மாறிய இயங்குதளங்கள்

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குச் செல்லும் சாலையில் ஏரிக்கு முன்பாக அமைந்திருக்கும் திருப்பாலைவனத்திலும், அதற்கப்பால் ஏரிக்கரையையும் கடற்கரையையும் ஒட்டிக் கிடக்கும் குப்பங்களிலும், பெயர்ப் பட்டியல் என்பது ஒருபோதும் சாமானியமான விஷயமாக இருந்ததில்லை. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்பதை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்னும் ஏற்பாடு இங்குள்ள குப்பங்கள் சிலவற்றில் பல தலைமுறைகளாக நடந்து வருவது. அதில் தலைக்கட்டுக்கு ஒரு பெயர், பெயருக்கு ஒரு முறை என்பதே கிரமம் ஆதலால், பட்டியலில் ஒருவன் பெயர் விட்டுப்போனால் அன்றைய இறால் போயிற்று, அவன் வீட்டு உலையும் போயிற்று. பிற்காலத்தில் அரசாங்கம் மீன்பிடித் தடைக்கால நிவாரணம் வழங்கத் தொடங்கியபோது பட்டியலின் மகத்துவம் இன்னும் பெருகியது. ஆகவே, எழுத்து எந்தச் சாதனத்தில் தங்குகிறது, தங்கிய எழுத்தை நாளைக்கு யாரால் வாசிக்க இயலும் என்பதைப் பண்டிதர்களைப் போலவே இங்கே வலை கட்டுகிறவரும் கேட்க வேண்டியிருக்கிறது.

கணினியின் உறுப்புகளையெல்லாம் ஆண்டு, நாம் தட்டும் எழுத்தைத் திரைக்கும் தாளுக்கும் கொண்டு சேர்க்கும் மூல மென்பொருளையே இயங்குதளம் என்கிறோம். அதை மாற்றச் சொல்லி உலகெங்கும் விளம்பரங்கள் கூறும் காரணங்கள் ஏறக்குறைய ஒன்றே: வேகம் கூடும், திரை அழகு பெறும், நூதன வசதிகள் வரும். ஆனால் கடந்த முப்பது முப்பத்தைந்து ஆண்டுகளின் சரித்திரத்தைப் பின்னோக்கிப் பார்க்கும்போது, தமிழர்களைப் பழைய இயங்குதளத்திலிருந்து புதியதற்கு நகர்த்திய முதற் பெருங்காரணம் நம்முடைய தாய்மொழியே என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். இங்கிலீஷில் மட்டுமே எழுதுகிறவர்களுக்கு இந்தக் காரணம் ஏற்பட்டதே இல்லை. அதனால்தான் இயங்குதளங்களைப் பற்றி எழுதப்பட்ட சரித்திரங்களில் இதற்கு உரிய இடமும் கிடைக்கவில்லை.

டாஸ் என்னும் இயங்குதளம் கோலோச்சிய 1980-களில் கணினியின் கறுப்புத் திரையில் தமிழைக் காண்பதே ஒரு சாதனையாக இருந்தது. கனடாவில் வாழ்ந்த முனைவர் கி. ஸ்ரீநிவாசன் 1984-ஆம் ஆண்டையொட்டி ‘ஆதமி’ என்னும் சொற்செயலியை இயற்றினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் அடுத்த ஆண்டு ‘முரசு’ மென்பொருளைத் தொடங்கினார். இந்தியாவிலோ, கான்பூர் ஐ.ஐ.டி.யில் பிறந்து பின்னர் சி-டாக் ஸ்தாபனத்தால் வளர்க்கப்பட்ட ‘ஜிஸ்ட்’ என்னும் மின்னணு அட்டையைக் கணினியின் வயிற்றுக்குள் செருகினால் இந்திய மொழிகள் திரையில் தோன்றும் என்ற நிலை இருந்தது. இயங்குதளத்துக்குத் தமிழ் தெரியாது. ஆகையால் தமிழ் தெரிந்த ஒரு துணையை வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்க்க வேண்டியிருந்தது.

அதன்பின் விண்டோஸ் 3.1, விண்டோஸ் 95 என்ற வரிசை வந்தது. நினைத்த எழுத்துருவை யார் வேண்டுமானாலும் செய்து நிறுவிக்கொள்ளும் சௌகரியம் அவற்றில் கிடைத்தமையால், தமிழ் ஒரு பாய்ச்சலாகக் கணினிக்குள் நுழைந்தது. நுழைந்த முறையைச் சிறிது விளக்கினால்தான் பின்னால் வந்த இன்னல்கள் விளங்கும். ஓர் எழுத்துருவில் 256 இடங்கள் இருந்தன. முற்பாதியாகிய 128 இடங்களில் இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் குறிகளும் உலகப் பொதுவாக அமர்ந்திருந்தன. பிற்பாதி பிரெஞ்சு, ஜெர்மன் முதலிய ஐரோப்பிய மொழிகளின் விசேஷ எழுத்துகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. நம் எழுத்துருக் கலைஞர்கள் அந்தப் பிற்பாதியிலிருந்த உருவங்களை நீக்கிவிட்டு, அங்கே அகரத்தையும் ககரத்தையும் கொம்பையும் காலையும் வரைந்து வைத்தார்கள். கண்ணுக்குத் தமிழ், இயந்திரத்தின் ஞாபகத்திலோ அது பிரெஞ்சு. வேடம் கட்டிய கூத்துக்காரரைப் போல, அந்த எழுத்துரு மேலே இருக்கும்வரை அது தமிழாக ஆடியது. அதை எடுத்துவிட்டால் தலையில் கொம்பும் கீழே வாலும் முளைத்த அந்நிய எழுத்துகளின் கூட்டம்தான் மிஞ்சியது.

இதைவிடத் துன்பம், எந்த இடத்தில் எந்தத் தமிழ் எழுத்தை வைப்பது என்பதில் ஒருவருக்கொருவர் உடன்பாடில்லாமல் போனது. பத்திரிகை ஒவ்வொன்றுக்கும் ஓர் அமைப்பு, நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் ஓர் அமைப்பு, டி.டி.பி. கடைகளுக்கோ கையில் கிடைத்த அமைப்பு. ஒரு கடையில் அடித்த விண்ணப்பத்தைப் பிளாப்பியில் போட்டு இன்னொரு கடையில் திறந்தால் எழுத்து வராது. அச்செடுத்த தாள் மட்டுமே நம்பத்தக்கது என்றாகிவிட்ட பிறகு, கணினி விலையுயர்ந்த தட்டச்சு யந்திரத்துக்கு மேலான பிரயோஜனம் எதையும் ஏழைக்குத் தரவில்லை.

பெயர்ப் பட்டியலின் கதியைச் சற்று அருகில் நின்று பார்ப்போம். அந்த எழுத்துருக்களில் எழுத்தைக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே இயந்திரம் சேமித்தது; அதாவது ‘தே’ என்பதில் முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு தகரம். ஒரு குப்பத்தின் நூற்றுக்கணக்கான பெயர்களை அகர வரிசையில் அடுக்கும்படி கட்டளையிட்டால், தேசப்பனும் கோவிந்தனும் சேகரும் வேலுவும் ஒரே கூட்டமாக வந்து நிற்பார்கள், ஏனெனில் இயந்திரத்தின் கண்ணில் அவர்கள் எல்லாருடைய முதலெழுத்தும் அந்த இரட்டைக் கொம்புதான். பொன்னம்மாளைப் பகர வரிசையில் தேடினால் கிடைக்க மாட்டாள். அவள் ஒற்றைக் கொம்போடு செல்லம்மாளுக்குப் பக்கத்தில் நிற்பாள். ஆகவே பட்டியலைக் கையாலே அடுக்கிப் பிறகு கணினியில் ஏற்றினார்கள். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கேட்டு வந்தவருக்கு, தாளைப் புரட்டி விரலை ஓட்டித்தான் பதில் சொன்னார்கள்.

எழுத்து நிலைத்து நிற்பதற்கு எங்கள் பக்கத்திலேயே பழைய சாட்சி உண்டு. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் ஜெல்திரியா கோட்டையை அமைத்து, 1690 வரையில் சோழமண்டலக் கரையின் தலைமையிடமாக அதை வைத்திருந்தனர். அங்கே பத்தாண்டுகள் பாதிரியாராக இருந்த ஆபிரகாம் ரோஜேரியஸ், இங்குள்ள பிராமணர் ஒருவரிடம் கேட்டறிந்து நம் சமயத்தையும் ஆசாரங்களையும் பற்றி எழுதிய புத்தகம் 1651-ல் லெய்டன் நகரில் பிரசுரமாயிற்று. அது இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது. இவ்வூர் மயானத்தில் அதே நூற்றாண்டில் கல்லில் வெட்டிய டச்சு எழுத்தை அம்மொழி அறிந்தவர் எவரும் நின்று படிக்கலாம். முந்நூற்றைம்பது ஆண்டு உப்புக்காற்று அழிக்காத எழுத்து அங்கே இருக்க, 1999-ல் அடித்த தமிழ்ப் பட்டியலை 2004-ல் வாங்கிய கணினியால் வாசிக்க இயலவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் வேதனைப்படுகிறது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முதலில் முனைந்தவர்கள் பெரும்பாலும் கடல்கடந்த தமிழர்களே. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995-ல் இணையத்தில் தமிழை ஏற்றிக் காட்டி, 1997-ல் முதல் தமிழிணைய மாநாட்டையும் கூட்டினார். சுவிட்சர்லாந்தில் ரசாயன விஞ்ஞானியாக இருந்த கு. கல்யாணசுந்தரம், தாம் ஆக்கிய ‘மயிலை’ எழுத்துருவை இலவசமாக வழங்கியதோடு, 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கிப் பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு கணினியில் ஏற்றலானார். இவர்களும் இவர்களைப் போன்ற பலரும் மின்னஞ்சலிலேயே தர்க்கம் செய்து ‘டிஸ்கி’ என்னும் பொதுக் குறியீட்டை வகுத்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டு அரசாங்கம் ‘டாம்’, ‘டாப்’ என்ற இரண்டு குறியீடுகளையும், தமிழ்99 என்னும் விசைப்பலகை அமைப்பையும் அங்கீகரித்தது. விசைப்பலகையைப் பற்றி எனக்கு மிகுந்த மதிப்புண்டு. உயிரும் மெய்யும் கைக்கு இசைந்தாற்போல் அமைந்த அது இன்றும் எங்கள் பிள்ளைகளின் கையில் உயிரோடு இருக்கிறது. குறியீடுகளைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலாது. நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட காரியமேயாயினும், அவையும் 256 இடங்களின் எல்லைக்குள் அடங்கிய பழைய தந்திரமே ஆதலால், வரவேண்டிய பெரிய மாற்றத்தை அவை சில ஆண்டுகள் தாமதப்படுத்தின என்பதே என் அபிப்பிராயம்.

பெரிய மாற்றம் என்று நான் சொல்வது யூனிகோடு. உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி இடம் ஒதுக்கும் அந்தத் தரம் 1991-ல் வெளியானபோதே, இந்தியாவின் 1988-ஆம் ஆண்டு இஸ்கி தரத்தை அடியொற்றித் தமிழுக்கும் 128 இடங்கள் கிடைத்தன. உயிர்மெய்கள் அனைத்துக்கும் தனியிடம் வேண்டுமென்ற வாதம் நெடுங்காலம் நடந்தது. அதில் நியாயம் உண்டு. ஆயினும் யூனிகோட்டில் தமிழ் எழுத்து தமிழாகவே ஞாபகத்தில் நின்றது என்பதே முக்கியம். ‘தே’ என்றால் முதலில் தகரம், அடுத்து ஏகாரக் குறி; திரையில் கொம்பை முன்னே கொண்டுபோய் வைப்பது இயங்குதளத்தின் கடமை. இங்கேதான் நம் சரித்திரத்தின் திருப்பம் இருக்கிறது. இயங்குதளத்துக்கே தமிழின் எழுத்திலக்கணம் தெரிந்திருக்க வேண்டும். விண்டோஸ் 95-க்கு அது தெரியாது, விண்டோஸ் 98-லும் உலாவியின் துணையோடு ஓரளவே காண முடிந்தது. விண்டோஸ் 2000 வெளிவந்தபோதுதான், ‘லதா’ என்னும் எழுத்துருவோடு தமிழும் அதன் உள்ளேயே அமைந்து வந்தது. அடுத்த ஆண்டு வந்த எக்ஸ்பி அதைச் சாதாரண ஜனங்களின் மேசைக்குக் கொண்டுவந்தது.

அப்போதும் கதவு முழுவதும் திறந்திருக்கவில்லை. எக்ஸ்பியில் தமிழ் தானாக வராது. கட்டுப்பாட்டுப் பலகத்தில் மொழி அமைப்புக்குள் சென்று, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவுக என்றிருக்கும் சிறு கட்டத்தில் குறியிட வேண்டும். குறியிட்டவுடன் கணினி மூலக் குறுந்தகட்டைக் கேட்கும். எங்கள் பக்கத்தில் அந்தக் குறுந்தகட்டைக் கையில் வைத்திருந்தவர் அரிது. கணினியைப் பூட்டித் தந்தவரைத் தேடிப் பொன்னேரிக்கோ, சென்னையில் ரிச்சி தெருவுக்கோ போக வேண்டும். அந்த ஒரு தகடு கிடைக்காமலே எத்தனையோ கணினிகளில் தமிழ் என்பது கட்டம் கட்டமாகவே தோன்றிக்கொண்டிருந்தது. 2007-ல் வந்த விஸ்டா இயங்குதளத்தை உலகம் அவ்வளவாக விரும்பவில்லை. கனமானது, மெதுவானது என்று எல்லாரும் குறை கூறினர். ஆனால் அதைத் திறந்த மாத்திரத்தில் தமிழ் தமிழாகவே தெரிந்தது. குறுந்தகட்டைத் தேடி யாரும் அலைய வேண்டியிருக்கவில்லை. தமிழ் வாசகன் அந்த ஒரு காரணத்துக்காகவே அதற்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டவன்.

இயங்குதளம் தயாரான பிறகும் காரியாலயங்கள் தயாராகவில்லை. வானவில்-அவ்வையார் முதலிய பழைய எழுத்துருக்களிலேயே அரசாங்கக் கடிதங்கள் தொடர்ந்து அடிக்கப்பட்டன. 2010 ஜூன் 23-ஆம் தேதி, கோயம்புத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு தொடங்கிய அன்று, யூனிகோடே தமிழுக்குரிய தரம் என்றும், அது இயலாத இடங்களில் ‘டேஸ்16’ என்னும் அனைத்தெழுத்துக் குறியீட்டைக் கையாளலாம் என்றும் அரசாணை பிறந்தது. ஆணை பிறந்ததற்கும் பழக்கம் மாறியதற்கும் இடையில் இன்னும் பல ஆண்டுகள் கழிந்தன.

இதற்கிடையில் இன்னொரு வழியும் திறந்திருந்தது. யாரும் இலவசமாகப் பெற்று, திருத்தி, பகிர்ந்துகொள்ளக்கூடிய லினக்ஸ் இயங்குதளத்தில் தமிழைச் சேர்க்க யாருடைய தயவையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்பதை உணர்ந்து, இந்தியாவிலும் இலங்கையிலும் கனடாவிலும் இருந்த தமிழ் இளைஞர்கள் 2000-ஆம் ஆண்டையொட்டி அதன் கட்டளைச் சொற்களை ஒவ்வொன்றாகத் தமிழாக்கினர். சி. உமாசங்கர் தமிழ்நாட்டு அரசாங்கத்தின் எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில் அந்நிறுவனம் தன் காரியாலயக் கணினிகளைச் சூசி லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. சென்னையிலுள்ள சி-டாக், டெபியன் என்னும் லினக்ஸ் வகையை மூலமாகக் கொண்டு, ‘பாஸ்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் பாரத இயங்குதளத்தை 2007-ல் வெளியிட்டது. பிறகு, எங்கள் மாவட்டத்துக்கே பெருமை தரும் சம்பவமாக, 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி திருவள்ளூரை அடுத்த காக்களூரில் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. அந்த மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. திறக்கும்போது எது வேண்டுமென்று கேட்கும். கட்டுமரத்திலும் நாட்டுப் படகிலும் வயிறு வளர்த்த குடும்பங்களின் பிள்ளைகள் கையில் இரண்டு இயங்குதளங்கள் ஒருசேர வந்து சேர்ந்ததை ஓர் அதிசயம் என்றே நான் மதிக்கிறேன். அவர்களில் அநேகர் பாஸைத் திறந்து பார்க்காமலே விட்டதற்கு அவர்களைக் குறை சொல்லலாகாது. அதைச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியருக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தவர் இல்லை.

எழுத்தின் கதை ஒருவாறு முடிவுக்கு வந்த காலத்தில், இரண்டாவது காரணம் தலையெடுத்தது. 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நிறுத்தப்படும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. அதன் பொருள், கணினி நின்றுவிடும் என்பதன்று. சுவரில் புதிதாகத் துவாரம் விழுந்தால் அடைப்பதற்கு இனிமேல் ஆள் வரமாட்டார் என்பதே. அத்தருணத்தில் தமிழ்நாட்டு அரசாங்கம் தன் துறைகளை பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி அறிவுறுத்தியது. சிலர் மாறினர், பலர் மாறவில்லை. எங்கள் வட்டாரத்துக் கடைகளிலும் சங்கங்களிலும், ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்த வேண்டும் என்ற நினைப்பே மேலோங்கி நின்றது.

அந்த நினைப்பின் விலை என்ன என்பதை 2017 மே 12-ஆம் தேதி வெளிப்பட்ட ‘வானாகிரை’ என்னும் தீநிரல் உலகத்துக்கே காட்டியது. கோப்புகளையெல்லாம் பூட்டி வைத்துவிட்டு, முந்நூறு டாலர் தந்தால்தான் திறப்பேன் என்று அது திரையில் எழுதிக் காட்டியது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் பாதிக்கப்பட்டன. பிரிட்டனின் அரசாங்க ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. பெரிய தேசத்துச் செய்தி என்று நாம் ஒதுங்கியிருக்க இடமில்லை. எங்கள் ஏரியின் மறுகரையைத் தன் எல்லைக்குள் கொண்ட ஆந்திர மாநிலத்தில் போலீஸ் இலாகாவின் கணினிகள் சிக்கின. கேரளத்தில் வயநாட்டு மலைச்சரிவிலுள்ள தரியோடு என்னும் கிராமப் பஞ்சாயத்தின் காரியாலயக் கணினிகளும் சிக்கின. ஒரு பஞ்சாயத்தில் பூட்டப்படுவது குடிமக்களின் வரி, வீட்டு விவரம், நிவாரணப் பட்டியல் ஆகிய கோப்புகளே அல்லவா? இதில் கவனிக்கத்தக்க சங்கதி ஒன்றுண்டு. அந்தத் துவாரத்தை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது. விழுந்தவற்றில் மிகப் பெரும்பாலானவை எக்ஸ்பிகூட அல்ல, அந்தத் திருத்தத்தை ஏற்றிக்கொள்ளாத விண்டோஸ் 7 கணினிகளே. புதிய இயங்குதளத்தை வாங்கி வைத்துவிட்டால் போதாது, அதற்கு வரும் திருத்தங்களை அவ்வப்போது சேர்த்து வரவேண்டும் என்பது அன்று பிரத்தியட்சமாயிற்று.

கைப்பேசியைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும் கூறுவேன், ஏனெனில் இன்று குப்பத்தில் கணினி என்றால் அதுதான். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவருக்கென்று ஆக்கிய செயலியின் வாயிலாகக் காற்றும் அலையும் மீன் கூடும் இடமும் தமிழிலேயே கைக்கு வருகின்றன. ஆனால் ஆண்ட்ராய்டின் தொடக்கப் பதிப்புகளில் தமிழ் கட்டம் கட்டமாகவே தெரிந்தது. விண்டோஸில் பட்ட பாட்டையே இங்கும் ஒருமுறை படவேண்டியிருந்தது. பழைய பதிப்புகளைச் செயலிகள் கைவிடுவதும் உண்டு. 2020 பிப்ரவரியில் வாட்ஸ்அப் ஆண்ட்ராய்டு 2.3.7-ஐயும் அதற்கு முந்தியவற்றையும் விட்டுவிட்டது. கடலில் இருப்பவனுக்குப் புயல் செய்தி வந்து சேராமல் போவதற்குப் பழைய இயங்குதளம் காரணமாகிவிடக் கூடாது.

விண்டோஸ் 10-க்கான இலவசப் பராமரிப்பும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிவுற்றது. இம்முறை புதியதற்கு மாறுவது பலருக்கு எளிதன்று. 2021-ல் வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய மையச் செயலகமும் இருந்தாலன்றித் தன்னை ஏற்றிக்கொள்ள விடுவதில்லை. நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் கணினியை அதற்காகக் காயலாங்கடையில் போடுவது, இறாலின் விலை ஏறி இறங்குவதைப் பொறுத்துப் பிள்ளையின் படிப்பு நிற்கும் வீடுகளுக்கு எவ்விதத்திலும் தகாது. எழுத்துக்காக மாற வேண்டிய நிர்ப்பந்தம் இப்போது இல்லை, தமிழ் எல்லா இயங்குதளத்திலும் தன் வீடுபோல வசிக்கிறது. பாதுகாப்புக்காக மட்டுமே மாறுகிறோம் என்றால், அதே பழைய கணினியில் டெபியன் போன்ற லினக்ஸ் ஒன்றை ஏற்றிக்கொள்வது செலவில்லாத, கௌரவமான வழி. பள்ளிகளும் நூலகங்களும் மீனவர் சங்கங்களும் இதை முதலில் செய்ய வேண்டும் என்று நான் மனப்பூர்வமாக வேண்டுகிறேன்.

ஆனால் மாறுவதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. மதுரைத் திட்டத்தார் முதலில் டிஸ்கியில் ஏற்றிய நூல்களைப் பின்னர் யூனிகோட்டுக்கும் மாற்றி வெளியிட்டார்கள். ஆதலால் அவற்றை இன்றைய மாணவன் தன் கைப்பேசியில் படிக்கிறான். ஜெர்மனியில் வாழும் சுரதா யாழ்வாணன் ஆக்கிய ‘பொங்குதமிழ்’ மாற்றியும், சென்னை நியூ ஹொரைசன் மீடியாவின் மாற்றியும் பழைய குறியீடுகள் பலவற்றை யூனிகோடாக்கித் தரும். நூல்களுக்குக் கிடைத்த அந்தப் பாக்கியம் சங்கங்களின் பட்டியல்களுக்கும், சுனாமிக்குப் பிந்தைய நாட்களில் குப்பங்களில் எழுதி வைத்த குடும்ப விவரங்களுக்கும், பஞ்சாயத்துத் தீர்மானங்களுக்கும் கிடைக்கவில்லை. அவை பழைய கணினிகளின் வன்தட்டுகளில் அந்நிய எழுத்தாகக் கிடக்கின்றன. மாற்றி வேலை செய்ய வேண்டுமானால் கோப்பு எந்த எழுத்துருவில் அடிக்கப்பட்டது என்பது தெரிய வேண்டும். அதை அறிந்தவர்கள் அன்று அடித்துக் கொடுத்த டி.டி.பி. கடைக்காரர்கள், அவர்களில் பலர் கடையை மூடி வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள், சிலர் வயோதிகராகி வீட்டில் இருக்கிறார்கள். பழைய கணினியை எடைக்குப் போடுவதற்கு முன்பு அவர்களைத் தேடிச் சென்று, எழுத்துருவின் பெயரைக் கேட்டு, கோப்போடு சேர்த்துக் குறித்து வைத்துக்கொள்வது ஒவ்வொரு சங்கத்தின் செயலாளருக்கும் உரிய முதல் வேலை.